எலக்ட்ரிக் ஸ்கூட்டர்ல ஏற்காடு ஏற எவ்ளோ சார்ஜ் வேணும்? கிலோமீட்டரை விடுங்க, உயரத்தைப் பாருங்க

சேலத்துல இருந்து ஏற்காடு 30 கிலோமீட்டர் சொச்சம்தானே, ஷோரூம்ல ஃபுல் சார்ஜுக்கு 100 கிலோமீட்டர் ஓடும்னு சொன்னாங்களே, பேட்டரில 60 பர்சென்ட் இருந்தா தாராளமா போதும்னு நெனச்சு வீட்டம்மாவை பின்னாடி உக்கார வெச்சு கெளம்புனேன். 14வது பெண்டுல வண்டி பவரை தானா கொறைச்சிடுச்சு. அவங்க இறங்கி நடக்க, நான் பின்னாலயே உருட்டிட்டு போக, குரங்கு வந்து பிஸ்கட் பாக்கெட்ட புடுங்கிட்டு போயிருச்சு. அன்னிக்கு ராத்திரி வந்து உக்காந்து போட்ட கணக்குதான் இது.

மலைல பேட்டரியை தூரத்தை விட அதிகமா தின்றது வெயிட்டும் உயரமும்தான். வண்டி, நீங்க, பின்னாடி உக்காந்தவங்க, பை எல்லாம் சேர்த்து எத்தன கிலோன்னு போடுங்க, அதை ஏற வேண்டிய மீட்டரால பெருக்கி 300ஆல வகுத்தா எத்தன வாட் ஹவர் செலவுன்னு வந்துரும். சரியான கணக்குக்கு 367ஆல வகுக்கணும், ஆனா மோட்டார்லயும், அதுக்கு கரண்ட்டை அளந்து விடுற கண்ட்ரோலர்லயும் சூடா போறது கொஞ்சம் இருக்குல்ல, அதுக்காகத்தான் 300.

எங்க கேஸ்ல வண்டி 115 கிலோ, ரெண்டு பேரும் பையும் சேர்ந்து 135, ஆக 250. சேலம் சுமார் 280 மீட்டர் உயரத்துல இருக்கு, ஏற்காடு 1500 பக்கம், அப்போ ஏத்தம் 1200 மீட்டர். 250 பெருக்கல் 1200 வகுத்தல் 300, கரெக்டா 1000 வாட் ஹவர், அதாவது ஈபி பில்லுல வர்ற ஒரு யூனிட்டு. இது உயரத்துக்கு மட்டும்தான். சக்கரம் உருள்றதுக்கும் காத்துக்கும் கிலோமீட்டருக்கு 20 வாட் ஹவர்னு வெச்சா 30 கிலோமீட்டருக்கு இன்னொரு 600. மொத்தம் 1.6 யூனிட்டு, எங்க வண்டியோட 3 யூனிட் பேட்டரில பாதிக்கு மேல காலி! ரெண்டு மூணு வருஷம் ஓடுன பேட்டரின்னா 3 யூனிட்டே இருக்காது, 2.6 இருந்தாலே பெருசு, அப்போ 60 பர்சென்ட்டுக்கு மேலயே போயிரும். நான் எங்க மாட்டுனேன்னு இப்ப புரியுதா.

தனியா போனா இதுல 200 வாட் ஹவர் மேல மிச்சமாகும். கொல்லிமலை மாதிரி 70 பெண்டு இருக்குற ரோட்டுக்கும் இதே கணக்குதான், பெண்டை எண்ண வேண்டாம், உயரத்தையும் தூரத்தையும் மேப்புல பாத்துக்கங்க.

டிஸ்ப்ளேல இன்னும் இத்தன கிலோமீட்டர் ஓடும்னு காட்டுறத மலைல நம்பவே நம்பாதீங்க, அது இப்ப ஓட்டுன ஓட்டத்தை வெச்சு சொல்ற ஜோசியம். அடிவாரத்துல 70 காட்டும், நாலு பெண்டு தாண்டுனா 30னு காட்டி வயித்துல புளியைக் கரைக்கும். பர்சென்ட்டை மட்டும் பாருங்க.

இன்னொரு விஷயம், மெதுவா போனா மிச்சமாகும்னு ஒரேயடியா உருட்டாதீங்க. செங்குத்துல 10, 15 ஸ்பீடுல முக்கிட்டு போனா மோட்டார்ல கரண்ட் ரொம்ப நேரம் பாஞ்சு சூடாகும், சூடு ஏறுனா கண்ட்ரோலர் பவரை வெட்டிரும். 25, 30ல சீரா போறதுதான் நல்லது. வண்டி அனலா இருந்துச்சுன்னா வியூ பாயிண்ட்ல ஒரு டீ குடிச்சிட்டு கெளம்புங்க. டயர்ல காத்து கரெக்டா இருக்கணும், இது சொல்லவே தேவையில்ல.

இறங்கும்போது செலவு கிட்டத்தட்ட பூஜ்யம், அதனால திரும்பி வர்றதுக்கு பாதி சார்ஜ் வேணும்னு பயப்பட வேண்டாம். அடிவாரத்துல இருந்து வீடு வரைக்கும் சேர்த்து, ஏற்காட்டுல கெளம்பும்போது 20 பர்சென்ட் இருந்தா தாராளம். லாட்ஜ்ல பிளக் கிடைச்சுதேன்னு 100 வரைக்கும் ஏத்திட்டு இறங்காதீங்க, பேட்டரி ஃபுல்லா இருந்தா ரீஜென், அதாவது மோட்டாரே வேகத்தை கொறைச்சு அந்த கரண்ட்டை பேட்டரிக்கு திருப்பி அனுப்புறது, வேலை செய்யாது, பெட்ரோல் வண்டி மாதிரி கியர் புடிச்சு இறக்கவும் முடியாது, பாரம் மொத்தமும் பிரேக் தலைலதான் விழும். 80லயே கழட்டிருங்க. பிரேக்கையும் இழுத்து புடிச்சிட்டே வராம விட்டு விட்டு புடிங்க, 20 பெண்டும் முடியறதுக்குள்ள டிஸ்க்குல தோசையே சுடலாம்.