நார்மண்டியில் ஒரு போர் வீரரைச் சந்திக்கப் போகிறீர்களா?

ஜூன் முதல் வாரத்தில் பிரான்சின் வடக்குக் கரையில் உள்ள நார்மண்டிக்குப் போனால் சாலையெங்கும் இரண்டாம் உலகப் போர்க் காலத்து வில்லிஸ் ஜீப்புகள் ஓடும். சாந்த் மேர் எக்லீஸ் என்ற சிற்றூரில் தேவாலயத்தின் மேலே பாராசூட்டோடு ஒரு பொம்மை தொங்கும். ஜெர்மனியின் பிடியிலிருந்து பிரான்சை மீட்க நேச நாட்டுப் படைகள் நார்மண்டியில் இறங்கிய 1944 ஜூன் 6 அதிகாலையில் அந்தத் தேவாலயத்தில் சிக்கி, செத்தவர் போல நடித்துத் தொங்கிய அமெரிக்க வீரர் ஜான் ஸ்டீலின் நினைவாக வைத்தது அது. கீழே சதுக்கத்தில் அந்தக் காலத்துச் சீருடையோடு ஆண்களும் பெண்களும் கூட்டமாக நிற்பார்கள். அவர்களுக்கு நடுவே, சக்கர நாற்காலியில், நிஜமாகவே அந்தப் போருக்கு வந்த ஒருவர். அன்று பதினெட்டு வயது என்றால் இன்று நூறை ஒட்டிய வயது.

"எத்தனை பேரைக் கொன்றீர்கள்?" என்று மட்டும் அவரிடம் கேட்டுவிடாதீர்கள். ஓர் இளைஞர் ஆர்வத்தில் அப்படிக் கேட்டதை நேரில் பார்த்தேன். பெரியவர் பதில் சொல்லவில்லை. மடியில் இருந்த தொப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரத்தில் மகள் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு போய்விட்டார். எந்த ஊர்க்காரர், கப்பலில் பக்கத்தில் யார் இருந்தார்கள், என்ன சாப்பிட்டார்கள் என்று கேளுங்கள். சொல்ல விரும்புவதை அவரே சொல்வார்.

கையைப் பிடித்து அழுத்திக் குலுக்காதீர்கள். அந்த வயதில் தோல் காகிதம் மாதிரி இருக்கும், லேசாக அழுத்தினாலே கன்றிப்போகும். நின்றபடி குனிந்து கத்தாமல், முழங்காலிட்டு அவர் கண் மட்டத்துக்கு வந்து நிதானமாகப் பேசுங்கள். கூட இருப்பவரிடம் முதலில் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது நல்லது. வரிசையில் ஐம்பது பேர் நிற்கும்போது ஹெல்மெட், புத்தகம், படம் என்று அடுக்கடுக்காகக் கையெழுத்து வாங்குவது எனக்குப் பிடிக்காத பழக்கம். அப்படி வாங்கியவை சில பிறகு விலைக்கு வருகின்றன.

சீருடை போட்டு நடித்துக் காட்டப் போகிறவர்களுக்கு இன்னும் சில. உழைத்துப் பெறாத பதக்கத்தை மார்பில் குத்தாதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் அதே பதக்கத்துக்காக நண்பனை இழந்தவராக இருக்கலாம். பெரியவர்கள் பக்கத்தில் இருக்கும்போது வெற்றுத் தோட்டா வெடிக்க வேண்டாம். ஹிட்லரின் நாஜி எஸ்.எஸ். படைச் சீருடையோடு அங்கே நடமாடுவதற்கு எந்த நியாயமும் கிடையாது.

பாராசூட்டில் குதித்த அமெரிக்காவின் 101-வது படைப்பிரிவினருக்கு இருட்டில் ஒருவரையொருவர் அடையாளம் காணப் பித்தளையில் ஒரு சின்னக் கருவி கொடுத்தார்கள். நம் ஊர்த் திருவிழாக் கடைகளில் விற்கும் தகரத் தவளை மாதிரி 'டிக் டக்' என்று சத்தம் போடும். ஒரு தரம் அழுத்தினால் எதிரே இருப்பவர் இரண்டு தரம் அழுத்திப் பதில் தர வேண்டும். பதில் வராவிட்டால் எதிரே நிற்பது எதிரியாக இருக்கலாம். இப்போது அதைக் கடையில் வாங்கி நாள் முழுக்க விளையாட்டாக அழுத்திக்கொண்டே சுற்றுகிறார்கள். அந்தச் சத்தத்துக்காக இருட்டில் மூச்சைப் பிடித்துக் காத்திருந்தவர் காதில் அது விளையாட்டாக விழாது.

அப்புறம், புத்தகம் படித்துவிட்டு வந்து பெரியவரைத் திருத்துவது. "ஐயா, சீருடையில் அந்தப் பொத்தான் அப்போது வரவில்லையே" என்பார்கள். தேதியோ இடமோ மாறிச் சொன்னாலும் விட்டுவிடுங்கள். சரிபார்ப்பதை வீட்டுக்குப் போய்ச் செய்யலாம்.

கொல்வில்லில் உள்ள அமெரிக்கக் கல்லறைத் தோட்டத்தில் 9,380-க்கும் மேற்பட்டவர்கள் உறங்குகிறார்கள். லா கம்பில் ஜெர்மானியர்கள் 21,000-க்கும் மேல். இரண்டு இடத்திலும் பொம்மைத் துப்பாக்கியோடு நின்று படம் எடுக்காதீர்கள். கடற்கரையில் மெட்டல் டிடெக்டரும் வேண்டாம். பிரான்சில் அனுமதியின்றி அப்படிப் பழம்பொருள் தேடுவது சட்டவிரோதம். மண்ணுக்குள் வெடிக்காத குண்டுகளும் இன்னும் கிடக்கின்றன.

சீருடைக்காரர்களை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவதும் தவறுதான். அந்தக் கோடையில் நார்மண்டியில் ஏறக்குறைய 20,000 பொதுமக்கள் இறந்தார்கள். அதில் பெரும்பகுதி நேச நாட்டுக் குண்டுவீச்சில். கான், சான் லோ நகரங்கள் தரைமட்டமாயின. அப்போது குழந்தையாக இருந்த பாட்டிமார் சிலர் இன்றும் அந்த ஊர்களில் இருக்கிறார்கள். ஒரு "போன்ஜூர் மதாம்" சொல்லிப் பேச்சை ஆரம்பியுங்கள். பதுங்கியிருந்த நிலவறையைப் பற்றிச் சொல்வார்கள். வயலில் கிடந்த பாராசூட் துணியை எடுத்து அம்மா கவுன் தைத்துக் கொடுத்ததையும் சொல்லக்கூடும்.