அனுமதிக் கடிதம் வந்ததும் முதல் வேலை கிணறு

சேலத்தில் செட்டிச்சாவடி, கருப்பூர் பக்கத்துச் சுரங்கங்களுக்குத் தண்ணீர் மாதிரி எடுத்துக் கொடுப்பது என் தொழில். புதிதாகக் குத்தகை எடுப்பவர்கள் சுற்றுச்சூழல் அனுமதி கைக்கு வந்த அன்றே பொக்லைனுக்குச் சொல்லிவிடுகிறார்கள். பொறுங்கள். முதலில் சுற்றியுள்ள கிணறுகளைப் பாருங்கள்.

இது வெள்ளைக்கல்லும் (மேக்னசைட்) டூனைட் என்ற பாறையும் கலந்து கிடக்கும் பூமி. பாறையிலேயே மெக்னீசியம் இருப்பதால் தண்ணீர் இயல்பாகவே கடினமாக இருக்கும். குரோமியமும் கலந்திருக்க வாய்ப்புண்டு. தோண்டுவதற்கு முன் எவ்வளவு இருந்தது என்ற கணக்கு இல்லையென்றால், நாளைக்கு "உங்களால்தான் தண்ணி கெட்டுச்சு" என்று ஊர் சொல்லும்போது உண்மையைக் காட்ட உங்களிடமும் ஒன்றுமிருக்காது, அவர்களிடமும் இருக்காது. அந்தத் தண்ணீரைக் குடிப்பவர்கள் அவர்கள்.

2006 சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கைப்படி வாங்கும் சுற்றுச்சூழல் அனுமதி மட்டும் போதாது. 1974 நீர்ச் சட்டம், 1981 காற்றுச் சட்டம் இரண்டின் கீழும் மாசு கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவாணை வேண்டும். இன்னொன்று: வெள்ளைக்கல் பெருங்கனிமம், இந்தியச் சுரங்கப் பணியகம் பார்க்கும். டூனைட் 2015 முதல் சிறுகனிமம், மாநிலக் கனிமவளத் துறை பார்க்கும். ஒரே குழியில் இரண்டும் வந்தால் இரண்டு பக்கமும் கணக்குக் காட்ட வேண்டும்.

அனுமதிக் கடிதங்களில் வழக்கமாக வரும் நிபந்தனை, வருடத்துக்கு நான்கு முறை நிலத்தடி நீரைச் சோதிப்பது: ஏப்ரல்-மே, ஆகஸ்ட், நவம்பர், ஜனவரி. ஒவ்வொரு கிணற்றுக்கும் எண் கொடுத்து, எப்போதும் அதே கிணற்றிலேயே எடுங்கள். மோட்டார் போடுவதற்கு முன்பே நீர்மட்டம் அளக்க வேண்டும். இரும்பு டேப்பின் முனையில் சாக்பீஸ் தேய்த்து இறக்கினால், நனைந்த கோடு தெளிவாகத் தெரியும். கிணற்றின் வாயில் டேப் காட்டும் அளவிலிருந்து நனைந்த நீளத்தைக் கழித்தால் மட்டம் கிடைத்துவிடும். அப்புறம் போர்வெல் மோட்டாரை ஓடவிட்டு, குழாயில் நின்ற பழைய தண்ணீர் போன பிறகு பாட்டிலை அதே தண்ணீரில் மூன்று முறை அலசிப் பிடியுங்கள். உலோகச் சோதனைக்கான பாட்டிலில் நைட்ரிக் அமிலம் விடுவார்கள். குரோமியத்தின் நச்சு மிகுந்த வடிவமான ஆறிணைதிறக் குரோமியத்துக்கான பாட்டிலில் விடக்கூடாது. அதைத் தனியாக ஐஸ் பெட்டியில் வைத்து 24 மணி நேரத்துக்குள் ஆய்வகத்தில் சேர்த்துவிடுங்கள். குடிநீர்த் தரம் ஐஎஸ் 10500-இல் மெக்னீசியத்துக்கு ஏற்கத்தக்க அளவு லிட்டருக்கு 30 மில்லிகிராம், வேறு நீராதாரம் இல்லாதபோது 100 வரை. மொத்தக் குரோமியம் 0.05-ஐத் தாண்டவே கூடாது.

நிலத்துக்கு வருவோம். வேலை முடிந்த இடத்தில் புல் வளர்த்து, தீவனமும் செடிகொடியும் வளரும் நிலைக்கு அதைக் கொண்டுவர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2020 ஜனவரி 8 அன்று உத்தரவிட்டது. இங்கே அதற்கு ஒரே வழி மேல்மண்தான். வெள்ளைக் கழிவு மேட்டில் வெறுமனே விதை தூவினால் லேசில் முளைக்காது. மெக்னீசியம் மிகுதி, சத்து குறைவு. முதலில் வழிக்கும் செம்மண்ணைத் தனியாகக் குவித்து, கழிவோடு கலக்காமல் காப்பாற்றுங்கள். மண்ணை விற்றுவிட்டுப் பின்னால் தேடுபவர்களைப் பார்த்தால் எனக்கு வயிறு எரியும்.

சேர்வராயன் அடிவாரத்தில் மழைத் தண்ணீர் வேகமாக இறங்கும். கழிவு மேட்டைச் சுற்றி வடிகாலும் வண்டல் தொட்டியும் ஐப்பசிக்கு முன்பே தூர் வாரியிருக்க வேண்டும்.

ஜூன் 1, டிசம்பர் 1 இரண்டு தேதிகளிலும் சுற்றுச்சூழல் அனுமதி நிபந்தனைகளை நிறைவேற்றிய அரையாண்டு அறிக்கை அனுமதி கொடுத்த ஆணையத்துக்குப் போக வேண்டும். கிணற்று எண் வாரியாக முடிவுகளை இணைத்து, ஒரு நகலை ஊராட்சி அலுவலகத்திலும் கொடுத்து ஒப்புகை வாங்கிக்கொள்ளுங்கள்.