குதிரையை ஏற்றிச் செல்லப் பழைய வேன் வாங்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

மெரினாவில் சவாரி விடுகிறவர்கள், கல்யாண ஊர்வலத்துக்குக் குதிரை அனுப்புகிறவர்கள், ஈசிஆர் பக்கம் சவாரிப் பயிற்சி நடத்துகிறவர்கள் என்று சென்னையில் பலரும் பழைய வேன் ஒன்றை வாங்கிக் குதிரையை ஏற்றிச் செல்லும் வண்டியாக மாற்ற நினைக்கிறார்கள். நல்ல யோசனைதான். ஆனால் இன்ஜின் சத்தத்தைக் கேட்டு, டயரைப் பார்த்து, உடனே விலை பேசிவிடுகிறார்கள். இன்ஜின் மக்கர் செய்தால் வண்டி வழியில் நிற்கும், அவ்வளவுதான். தளம் உடைந்தால் ஓடுகிற வண்டியில் குதிரையின் கால் கீழே இறங்கிவிடும். அதனால் முதலில் பார்க்க வேண்டியது வண்டியின் அடிப்பாகம்.

அந்த வண்டி இதுவரை என்ன ஏற்றியது என்று கட்டாயம் கேளுங்கள். காசிமேட்டில் மீன் அடித்த வண்டியில் ஐஸ் தண்ணீரும் உப்பும் வருஷக்கணக்கில் ஒழுகியிருக்கும். மேலே பட்டி பார்த்துப் புது பெயிண்ட் அடித்திருப்பார்கள், கீழே சேசிஸ், அதாவது வண்டியைத் தாங்கும் அடிச்சட்டம், செதில் செதிலாக உரியும். படுத்துக்கொண்டு உள்ளே போய், தளத்தைத் தாங்கும் குறுக்குச் சட்டங்களை ஸ்க்ரூடிரைவரால் அழுத்திக் குத்துங்கள். இரும்பு உள்வாங்கினால் அந்த வண்டியை விட்டுவிடுங்கள். குதிரையின் மூத்திரமும் இரும்பை அரிக்கும் என்பதால், இன்றைக்கு லேசாக இருக்கும் துரு வேகமாகப் பரவும். வெள்ளத்தில் நின்ற வண்டியா என்பதையும் பாருங்கள். 2015, 2023 டிசம்பர் வெள்ளங்களில் மூழ்கிய வண்டிகள் நிறைய. சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்தால், உள்ளே சுருண்டிருந்த பகுதியில் சேற்றுக் கறை தெரியலாம்.

அடுத்தது எடைக் கணக்கு. பந்தயக் குதிரை இனத்தில் ஒன்று ஏறக்குறைய 450 முதல் 550 கிலோ. முக்கால் டன் தாங்கும் சின்ன வண்டி போதும் என்று தோன்றும். ஆனால் தடிமனான பிளைவுட், ரப்பர் விரிப்பு, தடுப்புக் கம்பிகள், சாய்தளம் எல்லாம் சேர்ந்தாலே சில நூறு கிலோ ஆகிவிடும். அப்புறம் தண்ணீர், புல், கூட வருகிற ஆள். ஆர்.சி.யில் உள்ள மொத்த எடையிலிருந்து வெறும் வண்டி எடையைக் கழியுங்கள், அதிலிருந்து இவை எல்லாவற்றையும் கழியுங்கள். மிச்சம்தான் குதிரைக்கு. ரொம்பப் பெரிய வண்டியும் வேண்டாம். நாலைந்து டன்னுக்கான பட்டை ஸ்ப்ரிங் ஒற்றைக் குதிரையின் எடைக்கு மசியாது. ஒவ்வொரு பள்ளத்திலும் குதிரையைத் தூக்கிப் போடும்.

சுற்றிலும் தகடு மூடிய வேனில், ஜன்னல் வெட்டிக்கொள்ளலாம் என்று வாங்குவது இன்னொரு தவறு. தனி சேசிஸ் இல்லாத வேன்களில் பக்கத் தகடுதான் பலம், அதை வெட்டினால் உடல் தளர்ந்துவிடும். தனி சேசிஸ் மேல் கூடு கட்டிய வண்டியே இதற்குச் சரி. காற்று விஷயத்தில் சமரசமே கூடாது. தலையை உயர்த்திக் கட்டிய குதிரையால் மூச்சுக்குழாயில் சேரும் சளியையும் தூசியையும் வெளியேற்ற முடியாது. நீண்ட பயணத்துக்குப் பின் நுரையீரல் தொற்று வருவது இப்படித்தான். சென்னை மே மாத வெயிலில் தகரக் கூரைக்குக் கீழே நிற்பதையும் சேர்த்து நினைத்துப் பாருங்கள்.

உயரம் உள்ளே ஏழரை அடியாவது இருக்கட்டும். தளம் தரையிலிருந்து மூன்றடி உயரம் என்றால் சாய்தளம் ஏழெட்டு அடி நீளம் வேண்டும். அதைவிடக் குட்டை என்றால் செங்குத்தாகிவிடும், குதிரை ஏற மறுக்கும்.

காகிதங்களை ‘அப்புறம் பார்த்துக்கலாம்’ என்று தள்ளாதீர்கள். மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவின்படி, ஆர்.டி.ஓ.வைக் கேட்காமல் வண்டியின் அமைப்பை மாற்றக் கூடாது. மத்திய மோட்டார் வாகன விதி 125E, ஒரு குதிரைக்கு 2.25 சதுர மீட்டர் இடமும் நிரந்தரத் தடுப்பும் கேட்கிறது. அந்த வண்டியில் வேறு சரக்கு ஏற்றவும் தடை. குதிரை இல்லாத நாளில் லோடு அடித்துக் கடனை அடைக்கலாம் என்ற கணக்கு இங்கே எடுபடாது. எட்டு வருஷம் தாண்டிய வண்டிக்கு வருஷாவருஷம் எஃப்.சி. (தகுதிச் சான்று) காட்ட வேண்டும், அந்தச் செலவையும் விலையோடு சேர்த்துப் பாருங்கள்.

கடைசியாக, வெறும் வண்டியை ஓட்டிப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். ஐம்பது கிலோ மணல் மூட்டை பத்தை ஒரே பக்கமாக அடுக்குங்கள். ஒற்றைக் குதிரை நிற்பதும் அப்படித்தான். நிதானமாக ஒரு வேகத்தடை ஏறி, ஒரு வளைவு திரும்பி, பிரேக் பிடித்துப் பாருங்கள். இதற்கு ஓனர் ஒத்துக்கொள்ளவில்லை என்றால், அடுத்த வண்டியைப் பார்க்கலாம்.