பலாக்கொட்டை: சத்து வீணாகாமல் சமைக்கும் முறை

சுளையைத் தின்றுவிட்டுக் கொட்டையைத் தூக்கிப் போடுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு மனசு ஆறாது. சுளையில் இனிப்புத்தான் அதிகம்; மாவுச்சத்தும் புரதமும் கொட்டையில்தான் இருக்கின்றன. 100 கிராம் பச்சைக் கொட்டையில் ஏறக்குறைய 6 கிராம் புரதம் உண்டு. கொழுப்பு 1 கிராம்கூடத் தேறாது. பி வைட்டமின்கள், பொட்டாசியம், மக்னீசியமும் இருக்கின்றன. இவையெல்லாம் உடம்பில் சேருமா என்பது சமைக்கும் விதத்தைப் பொறுத்தது.

படி 1: கழுவி உலர்த்துங்கள்

கொட்டையின் மேல் இருக்கும் வழவழப்புப் போகக் கழுவி, துணியில் பரப்பி நிழலில் ஒரு நாள் விடுங்கள். ஈரத்தோடு மூடிவைத்தால் பூஞ்சை பிடிக்கும், இல்லையென்றால் முளைவிட்டுவிடும்.

படி 2: எந்தத் தோலை உரிப்பது?

கொட்டைக்கு இரண்டு தோல். மேலே இருப்பது வெள்ளைத் தோல். உலர்ந்ததும் மொடமொடவென்று ஆகிவிடும். நகத்தால் ஓர் ஓரத்தைக் கிள்ளினால் முழுசாகக் கழன்று வரும். இது செரிக்காது, கண்டிப்பாக எடுத்துவிடுங்கள்.

அதற்குள்ளே கொட்டையோடு ஒட்டியிருக்கும் மெல்லிய பழுப்புத் தோலைச் சுரண்டாதீர்கள். பார்வைக்கு வெள்ளையாக இருக்கட்டும் என்று பலர் சுரண்டி எடுத்துவிடுகிறார்கள். நார்ச்சத்தும், பாலிஃபீனால்கள் என்ற தாவரச் சேர்மங்களும் அந்தத் தோலில் நிறைய உண்டு. லேசாகத் துவர்க்கும், அவ்வளவுதான்.

படி 3: நன்றாக வேகவையுங்கள்

முக்கியமான படி இதுதான். பச்சைக் கொட்டையை ஒருபோதும் தின்னாதீர்கள். அதில் புரதம் செரிப்பதைத் தடுக்கும் டிரிப்சின் தடுப்பான்களும், ஜாகலின் என்ற லெக்டினும் (சர்க்கரை மூலக்கூறுகளோடு ஒட்டிக்கொள்ளும் ஒரு வகைப் புரதம்) இருக்கின்றன. நன்றாக வெந்தால் இவற்றின் வீரியம் பெருமளவு அடங்கிவிடும். அரைவேக்காட்டில் இறக்கினால் வயிறுதான் கஷ்டப்படும்.

கொட்டை மூழ்கத் தண்ணீர் ஊற்றி, குக்கரில் 3 அல்லது 4 விசில் விடுங்கள். சாதாரணப் பாத்திரம் என்றால் சுமார் அரை மணி நேரம் ஆகும். ஒன்றை எடுத்து விரலால் அழுத்துங்கள். நடுவில் கடினமாகத் தட்டாமல் மாவு மாதிரி உடைந்தால் பதம் சரி.

வறுக்கப் போகிறீர்களா? ஒவ்வொரு கொட்டையிலும் ஒரு கீறல் போட்டுவிடுங்கள். இல்லாவிட்டால் உள்ளே சேரும் ஆவியில் வெடித்துத் தெறிக்கும்.

படி 4: ஆறவிடுங்கள்

கொட்டையின் மாவுச்சத்தில் ஒரு பகுதி சிறுகுடலில் செரிக்காமல் பெருங்குடலுக்குப் போகும். அங்குள்ள நல்ல பாக்டீரியாக்களுக்கு அதுதான் தீனி. வெந்த கொட்டையை ஆறவைத்து ஃபிரிட்ஜில் வைத்தால் இந்த வகை மாவுச்சத்து இன்னும் கூடும். அப்புறம் சூடுபண்ணிச் சாப்பிட்டாலும் பரவாயில்லை.

படி 5: அளவாகத் தொடங்குங்கள்

முதல் நாள் நாலைந்து கொட்டை போதும். அதே பாக்டீரியாக்கள் மாவுச்சத்தைப் புளிக்கவைக்கும்போது வாயு உண்டாகும். பழக்கமில்லாத வயிறு உப்பிக்கொள்ளும். ஒத்துக்கொண்டால் மெல்ல மெல்லக் கூட்டுங்கள்.

சர்க்கரை நோயாளிகள் இதைச் சோற்றுக்கு மேல் கூடுதலாகச் சேர்க்காமல், சோற்றைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டு சாப்பிடலாம், மாவுச்சத்து மாவுச்சத்துத்தானே. பொட்டாசியத்தைக் குறைக்கச் சொல்லப்பட்டிருக்கும் சிறுநீரக நோயாளிகள் மருத்துவரிடம் கேட்காமல் தொட வேண்டாம். பலாப்பழம் தின்றால் வாய் அரிக்கும், உதடு தடிக்கும் என்பவர்கள் கொட்டையையும் தவிர்த்துவிடுங்கள்.