கொழும்பிலிருந்து சிவனொளிபாதமலையையும் அந்தியையும் படம் எடுப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கொழும்புக் கடலோரக் காலிமுகத்திடலில் பின்னேரம் கெமராவோடு நிற்கும் புதியவர்களிடம் எங்கள் பழைய பிழைகளையே திரும்பப் பார்க்கிறேன். அடிவானம் சரிந்திருப்பது, பற்றரி முடிவது எல்லாம் நாலு தரம் போனால் தானாகத் திருந்தும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

உப்பைச் சட்டையால் துடைப்பது

இதைப் பார்த்தால் இன்றும் எனக்குக் கோபம் வரும். மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவக்காற்று கடலிலிருந்து நேரே கரைக்கு அடிக்கிறது. சுவரில் மோதும் அலையின் தூவானம் லென்ஸில் படிந்து காய்ந்தால் மிஞ்சுவது உப்புப் பொடி. அதைச் சட்டை நுனியால் தேய்த்தால் கண்ணாடியின் மேற்பூச்சில் கீறல் விழும். சூரியன் லென்ஸுக்கு நேரே இல்லாமல் ஒரு பக்கமாக இருக்கும்போது இப்படித் துடைத்துக்கொண்டிருந்த ஒரு தம்பியைத் தடுத்தேன். “ஒண்டும் ஆகேல்ல அண்ணா, படம் வடிவா வருது” என்றார். அன்று வந்தது உண்மைதான்.

ஜனவரியில் ஒரு மொட்டைமாடியில், விடியும் வானத்துக்கு எதிரே சிவனொளிபாதமலையை எடுக்கும்போது அதே லென்ஸ் காட்டிக்கொடுத்தது. எதிர் வெளிச்சம் கீறல்களில் சிதறி, மலை இருக்கவேண்டிய இடத்தில் வெளிறிய புகார்தான் இருந்தது. கீறிய கண்ணாடியைத் துடைத்துச் சரிசெய்ய முடியாது. முன்கண்ணாடி மாற்றும் செலவுக்குப் பழைய லென்ஸே ஒன்று வாங்கலாம்.

சரி, என்ன செய்வது? முதலில் ப்ளோவரால், அதாவது கையால் அமுக்கிக் காற்றடிக்கும் இறப்பர்க் குமிழால் ஊதுங்கள். பிறகு லென்ஸ் துடைக்கும் திரவம் தொட்ட சுத்தமான துணியால், அழுத்தாமல் உப்பைக் கரைத்து எடுங்கள். காய்ந்த துணி கடைசியில்தான். கடற்கரைக்கு லென்ஸின் முன்னால் மாட்டும் காப்புக் கண்ணாடியான யூவி ஃபில்டர் போடுங்கள், லென்ஸை அங்கே கழற்றி மாற்றவே வேண்டாம். வீட்டுக்கு வந்ததும் கெமராவின் உடம்பையும் ஈரத்துணியால் துடையுங்கள்.

மலையைப் பின்னேரம் தேடுவது

2,243 மீற்றர் உயரமான சிவனொளிபாதமலை கொழும்பிலிருந்து நேர்கோட்டில் சுமார் 70 கிலோமீற்றர். பகல் ஏற ஏற மூட்டம் அதை மறைத்துவிடும். டிசம்பர் முதல் பெப்ரவரி வரை, அதுவும் இரவு மழை பெய்து கழுவிவிட்ட விடியலில், கிழக்கு திறந்த ஓர் உயரமான இடத்தில் நில்லுங்கள். குவியத்தூரம் 200 மில்லிமீற்றருக்குக் குறைந்த லென்ஸில் மலை குண்டூசித் தலைபோலத்தான் விழும். பெப்ரவரி கடைசி வாரத்தில் சூரியன் ஏறக்குறைய மலையின் திசையிலேயே எழும்பும். டிசம்பரில் அதற்கு நன்றாக வலப்பக்கம்.

வருஷம் முழுக்க ஒரே இடத்தில் நிற்பது

டிசம்பரில் சூரியன் தென்மேற்கே சாய்ந்து விழும், ஜூனில் துறைமுக நகரப் பக்கமாக வடமேற்கே. நவம்பர் கடைசியில் 5.50 அளவில் மறையும், ஜூலையில் 6.30 ஆகும். அப்புறம், மறைந்ததும் பையை மூடாதீர்கள். மேகம் சிவப்பது பிறகுதான், அதுவும் இருபது நிமிடத்துக்குள் முடிந்துவிடும்.

லென்ஸை அலுமாரிக்குள் பூட்டி வைப்பது

பூஞ்சணம் பிடிக்கும். சிலிக்கா ஜெல் போட்ட, காற்றுப் புகாத பெட்டி போதும்.

ஏப்ரல் பின்னேர இடி

இடி கேட்டால் படம் வேண்டாம். திடலில் ட்ரைபொட்டோடு நிற்காமல் கட்டடத்துக்குள் போங்கள்.