மருந்துச் சீட்டைப் படிப்பது எப்படி: ஓ.டி. முதல் எஸ்.ஓ.எஸ். வரை

மருந்தின் பெயரைக் கடைக்காரர் படித்துக்கொள்வார். எத்தனை, எப்போது, எத்தனை நாள் என்பதை வீட்டில் நாம்தான் படித்தாக வேண்டும். சீட்டில் அந்த இடம் முழுக்கச் சுருக்கங்கள்தான்; பாதி லத்தீன் மொழியிலிருந்து வந்தவை, மீதி நம் ஊர் மருத்துவமனைகளின் பழக்கம்.

ஒரு வரியை எடுத்துக்கொள்வோம்: “டேப். பான்டோப்ரசோல் 40 மி.கி. 1-0-0 ஏ.சி. × 5/7”. டேப் என்றால் மாத்திரை. வெறும் டி. (T) என்று எழுதினாலும் அதேதான். கேப் அல்லது சி. என்றால் கேப்ஸ்யூல், இன்ஜ் என்றால் ஊசி. அடுத்தது மருந்தின் பெயர், அதன் வீரியம். 1-0-0 என்பது காலை, மதியம், இரவு என்ற வரிசை. இங்கே காலையில் மட்டும் ஒன்று. ஏ.சி. (AC) என்றால் சாப்பாட்டுக்கு முன், பி.சி. (PC) என்றால் பின். கடைசியில் உள்ள 5/7 பலரைக் குழப்பும். ஏழில் ஐந்து என்று பொருள் இல்லை. கீழே 7 இருந்தால் நாள் கணக்கு, 52 இருந்தால் வாரக் கணக்கு, 12 இருந்தால் மாதக் கணக்கு. 5/7 ஐந்து நாள், 2/52 இரண்டு வாரம், 3/12 மூன்று மாதம்.

எண்ணுக்குப் பதில் எழுத்தில் எழுதினால்: ஓ.டி. தினம் ஒருமுறை, பி.டி. (BD) இருமுறை, டி.டி.எஸ். (TDS) மூன்று முறை, கியூ.ஐ.டி. நான்கு முறை. எச்.எஸ். படுக்கப் போகும்போது. ஸ்டாட் என்றால் இப்போதே, ஒரே ஒருமுறை. எல்.ஏ. என்றால் மேலே தடவ மட்டும். கண் மருத்துவர் சீட்டில் மட்டும் ஓ.டி.க்கு வேறு பொருள் உண்டு: வலது கண். ஓ.எஸ். இடது கண், ஓ.யூ. இரண்டும்.

எஸ்.ஓ.எஸ். என்றால் தேவைப்பட்டால் மட்டும். இந்த மூன்றெழுத்தோடு டாக்டரிடம் இரண்டு கேள்வி கேட்காமல் எழுந்திருக்கக் கூடாது: அடுத்த மாத்திரைக்கு எவ்வளவு இடைவெளி, ஒரு நாளில் அதிகபட்சம் எத்தனை? பாராசிட்டமால் என்றால் இடைவெளி 4 முதல் 6 மணி நேரம். வளர்ந்தவர்களுக்கு ஒரு நாள் உச்சவரம்பு 4 கிராம். கல்லீரல் கோளாறு உள்ளவர்களுக்கும், தினமும் குடிப்பவர்களுக்கும் அதைவிடக் குறைவு. 650 மி.கி. மாத்திரை ஆறு போட்டாலே 3.9 கிராம் ஆகிவிடும். சளி, இருமல் கூட்டு மாத்திரைகள் பலவற்றிலும் பாராசிட்டமால் இருக்கிறது. காய்ச்சலுக்கு ஒன்று, சளிக்கு ஒன்று என்று போடுகிறவர் ஒரே மருந்தை இரட்டிப்பாக விழுங்கிக்கொண்டிருக்கலாம். அட்டையில் பெரிய எழுத்தில் இருப்பது கம்பெனி வைத்த பெயர். அதற்குக் கீழே சிறிய எழுத்தில், பெரும்பாலும் ஐ.பி. (இந்திய மருந்துத் தர நூலின் சுருக்கம்) என்று முடிவதுதான் உள்ளே இருக்கும் மருந்து. ஒப்பிட வேண்டியது அதைத்தான். மருந்தின் மூலப்பெயரைப் படிக்கும்படி, கூடுமானவரை ஆங்கில கேபிடல் எழுத்தில் எழுத வேண்டும் என்று இந்திய மருத்துவக் கவுன்சில் 2016-இலேயே விதியைத் திருத்தியது. சீட்டு புரியவில்லை என்றால் தயங்காமல் கேட்கலாம்.

பெயரின் வால்

பெயருக்குப் பின்னால் ஒட்டியிருக்கும் எழுத்து அலங்காரம் அல்ல. ரத்த அழுத்த மாத்திரையில் ஏ.எம். என்றால் அம்லோடிபின் சேர்ந்தது, எச். என்றால் சிறுநீர் பிரிக்கும் ஹைட்ரோகுளோரோதயசைடு சேர்ந்தது. பான்டோப்ரசோலுக்குப் பின்னால் டி. (D) வந்தால் வாந்தியை அடக்கும் டோம்பெரிடோன். ஃபோர்ட் என்றால் பொதுவாக வீரியம் கூடியது. பிளஸ் என்றால் இன்னொரு மருந்து கூடியது. வால் இல்லாததைக் கடையில் கொடுத்து “எல்லாம் ஒண்ணுதான்” என்றால், ஒன்று அல்ல.

எஸ்.ஆர்., எக்ஸ்.ஆர்., இ.ஆர். என்ற வால்கள் மருந்து மெல்ல மெல்லக் கரைவதைச் சொல்பவை. இவற்றைப் பொடித்தால் மணிக்கணக்கில் இறங்க வேண்டிய மருந்து ஒரே நேரத்தில் இறங்கும். இ.சி. என்றால் வயிற்றில் கரையாமல் குடலில் கரையும் பூச்சு போட்டது. அதையும் பொடிக்கக் கூடாது. விழுங்க முடியாத முதியவர்களுக்கும், மூக்குக் குழாய் வழியே உணவு கொடுக்கப்படுகிறவர்களுக்கும் வீட்டில் எல்லாவற்றையும் உரலில் இடிப்பது வழக்கம். இந்த வால்கள் இருந்தால் டாக்டரிடம் சொல்லி வேறு வடிவம் கேளுங்கள். நடுவில் கோடு இல்லாத மாத்திரையைப் பாதியாக உடைப்பதற்கு முன்னும் கேட்க வேண்டும். டி.டி. (DT) என்பது நீரில் கரைத்துக் குடிப்பது, எம்.டி. (MD) வாயிலேயே கரைவது. எஸ்.எல். நாக்குக்கு அடியில் வைப்பது. நெஞ்சுவலி வந்ததும் வைக்க எழுதித் தரும் ஐசோசார்பைடு டைநைட்ரேட் மாத்திரை அப்படிப்பட்டது. உட்கார்ந்துகொண்டு வைக்க வேண்டும்; நின்றால் ரத்த அழுத்தம் சட்டென இறங்கித் தலைசுற்றி விழ நேரும். ஐந்து நிமிடத்தில் வலி குறையாவிட்டால் 108-ஐக் கூப்பிடுங்கள்.

அளவில் வழுக்கும் இடங்கள்

மி.கி.யும் மைக்ரோகிராமும் ஆயிரம் மடங்கு வித்தியாசம். தைராய்டு மாத்திரையில் 50 என்று இருப்பது மைக்ரோகிராம். புள்ளியும் மோசக்காரன்: .5 என்பதில் புள்ளி மங்கினால் 5, 5.0-இல் மங்கினால் 50. இன்சுலினில் யூனிட்டைக் குறிக்கும் U என்ற ஆங்கில எழுத்தை எண்ணோடு சேர்த்து எழுதினால் 10 யூனிட் 100 ஆகத் தெரியும்.

இன்சுலினில் இன்னொரு பெரிய பொறி இருக்கிறது. நம் நாட்டில் புட்டி இன்சுலின் ஒரு மி.லி.க்கு 40 யூனிட், 100 யூனிட் என இரண்டு வீரியத்தில் கிடைக்கிறது. 40-க்கு சிவப்பு மூடிச் சிரிஞ்சு, 100-க்கு ஆரஞ்சு மூடி. 100 புட்டியிலிருந்து சிவப்பு மூடிச் சிரிஞ்சில் 20-ஆம் கோடு வரை இழுத்தால் உள்ளே போவது 20 அல்ல, 50 யூனிட். சர்க்கரை ஆபத்தான அளவுக்குத் தாழும். 40 புட்டியிலிருந்து ஆரஞ்சில் 20 இழுத்தால் போவது 8 யூனிட்தான். சர்க்கரை இறங்கவே இறங்காது. டாக்டர் ஊசி வேலை செய்யவில்லை என்று அளவைக் கூட்டுவார், அதன்பின் ஒரு நாள் சரியான சிரிஞ்சு கைக்கு வரும். புதுப் புட்டியோ புதுச் சிரிஞ்சோ வாங்கும்போது இரண்டிலும் உள்ள எண்ணைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

குழந்தை மருந்தில் “5 மி.லி.” என்பது மட்டும் போதாது, எந்தப் புட்டி என்பதும் வேண்டும். பாராசிட்டமால் ஒரு வேளைக்கு, கிலோவுக்கு 10 முதல் 15 மி.கி. 10 கிலோ குழந்தைக்கு 150 மி.கி. என்று வைத்தால், 5 மி.லி.யில் 125 மி.கி. உள்ள சிரப்பில் 6 மி.லி., 250 மி.கி. உள்ளதில் 3 மி.லி., ஒரு மி.லி.யில் 100 மி.கி. உள்ள டிராப்ஸில் 1.5 மி.லி. மட்டும். டிராப்ஸை 6 மி.லி. ஊற்றினால் நான்கு மடங்கு. சமையலறைக் கரண்டியும் பாலாடையும் அளவு காட்டாது. புட்டியோடு வரும் மூடி, இல்லாவிட்டால் ஊசியில்லாத சிரிஞ்சு.

டிரை சிரப் என்றால் பொடி. முதலில் புட்டியைத் தட்டிப் பொடியை உதிர்த்துவிட்டு, கொதித்து ஆறிய நீரைக் கோட்டுக்குக் கீழே வரை ஊற்றிக் குலுக்க வேண்டும். நுரை அடங்கியதும் கோடு வரை நிரப்பி மறுபடி குலுக்குங்கள். ஒரேயடியாகக் கோடு வரை ஊற்றினால், பொடி நனைந்து மட்டம் இறங்கி மருந்து கெட்டியாகிவிடும். அமாக்ஸிசிலின்-கிளாவுலனிக் அமிலம் என்றால் ஃபிரிட்ஜில் வைத்து ஏழு நாளில் முடிக்க வேண்டும். கலந்த தேதியை மேலே எழுதுங்கள்.

“வாரம் ஒருமுறை” என்ற சொல்லைச் சீட்டில் பார்த்தால் பேனாவை எடுத்துச் சுற்றி வட்டமிடுங்கள். மூட்டுவாதத்துக்கும் சொரியாசிஸுக்கும் தரும் மெத்தோட்ரெக்சேட் வாரத்துக்கு ஒரு நாள் மருந்து. தினமும் போட்டால் எலும்பு மஜ்ஜையைக் கெடுத்து உயிரையே பறிக்கலாம். “ஞாயிறு” என்று கிழமையைப் பெயரோடு எழுதித் தரச் சொல்லுங்கள். வைட்டமின் டி 60,000 யூனிட்டும் பொதுவாக வாரத்துக்கு ஒன்றுதான்.

வெறும் வயிறு என்பதும் எல்லாவற்றுக்கும் ஒன்றல்ல. தைராய்டு மாத்திரை தண்ணீரோடு, காப்பிக்கும் சிற்றுண்டிக்கும் அரை முதல் ஒரு மணி நேரம் முன். கால்சியம், இரும்பு மாத்திரைகளுக்கும் அதற்கும் நான்கு மணி நேர இடைவெளி. சர்க்கரை நோய்க்கான கிளிமிப்பிரைடு, அன்றைய முதல் சாப்பாட்டோடு அல்லது அதற்குச் சற்று முன். போட்டபின் சாப்பிடாமல் இருக்கக் கூடாது. அதே நோய்க்கான மெட்ஃபார்மின் சாப்பாட்டோடு.

சீட்டின் மேல்பாதி

மருந்துக்கு மேலே இருப்பவை நோயைப் பற்றியவை. சி/ஓ என்றால் நீங்கள் சொன்ன தொந்தரவு, எச்/ஓ முன்பு நடந்தது, கே/சி/ஓ ஏற்கெனவே தெரிந்த நோய். டி.எம். சர்க்கரை, எச்.டி.என். ரத்த அழுத்தம், சி.கே.டி. நாள்பட்ட சிறுநீரகக் கோளாறு, சி.ஏ.டி. இதய ரத்தக்குழாய் அடைப்பு. முக்கோணம் போட்டிருந்தால் நோய் இன்னதென்ற முடிவு. எலும்பு டாக்டர் # போட்டிருந்தால் முறிவு. என்.பி.எம். என்றால் வாய்வழி எதுவும் கூடாது.

சி.எஸ்.டி. (CST) என்றால் பழைய மருந்தையே தொடரவும். இந்த மூன்றெழுத்து மட்டும் உள்ள சீட்டோடு வேறு ஊர்க் கடைக்குப் போனால் ஒன்றும் வாங்க முடியாது. பழைய சீட்டையும் ஒரே உறையில் வையுங்கள். உதிரியாக வாங்கும்போது அட்டையை வெட்டினால் காலாவதித் தேதி இருக்கும் துண்டு கடையிலேயே தங்கிவிடும். வெட்டுவதற்கு முன் அந்தப் பக்கத்தைச் செல்போனில் படம் எடுத்துக்கொள்ளலாம், அல்லது தேதி இருக்கும் பக்கத்தை நமக்கு வெட்டித் தரச் சொல்லலாம்.