4294967297 பகா எண்ணா? கையால் கண்டுபிடிப்போம்

பெருக்கல், வகுத்தல், மீதி. இந்த மூன்றும் தெரிந்தால் போதும்.

நம்ம எண் 2^32 + 1. 2-இன் அடுக்கை 1, 2, 4, 8, 16 என்று இரட்டித்துக்கொண்டே போய் 1 கூட்டினால் வரும் வரிசை இது. இதில் முன்னால் வரும் 3, 5, 17, 257, 65537 ஐந்துமே பகா எண்கள், அதனால் அடுத்து வருவதெல்லாம் பகா எண்ணாகத்தான் இருக்கும் என்று 1640-இல் பிரெஞ்சுக் கணிதவியலாளர் ஃபெர்மா நம்பினார்.

படி 1. கடைசி இலக்கம் 7, ஆகவே 2, 5 வகுக்காது. இலக்கங்களின் கூடுதல் 59, ஆகவே 3-உம் வகுக்காது. இப்படியே போனால், வர்க்கமூலத்தை ஒட்டிய 65536 வரை 6542 பகா எண்களைச் சோதிக்க வேண்டும். வேண்டாம்.

படி 2. இங்கேதான் உயிரே இருக்கிறது, நிதானமாகப் படியுங்கள். p என்ற பகா எண் இதை வகுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் 2^32-ஐ p-ஆல் வகுத்தால் மீதி p−1, அதாவது −1 என்றே எடுத்துக்கொள்ளலாம். வர்க்கப்படுத்தினால் 2^64-க்கு மீதி 1. மீதி 1 வரும் அடுக்குகள் எல்லாம், அப்படி முதலில் வந்த அடுக்கின் மடங்குகள்தான். 64-க்கு முன்னால் எந்த அடுக்குக்கும் மீதி 1 வராது, ஏனென்றால் வந்திருந்தால் முதலில் வந்த அடுக்கு 64-ஐ வகுக்கும், 64-ஐ விடச் சிறியது என்பதால் 32-ஐயும் வகுக்கும், அப்போது 2^32-க்கும் மீதி 1 ஆகியிருக்கும். ஃபெர்மாவின் சிறிய தேற்றப்படி 2^(p−1)-க்கும் மீதி 1. ஆக p−1 என்பது 64-இன் மடங்கு. ஃபெர்மாவின் ஊகத்தை உடைக்கும் கருவி அவருடைய தேற்றமேதான், எனக்கு இதில் மிகப் பிடித்த இடம் இது.

படி 3. 65, 129, 193 என்று 64 கூட்டிக்கொண்டே போய், பகா எண்களை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்: 193, 257, 449, 577, 641. பத்து இலக்க எண்ணை அப்படியே வகுக்க வேண்டாம். 65536 என்பது 2^16, அதன் வர்க்கம்தான் 2^32. ஆகவே 65536-இன் மீதியை எடுத்து, வர்க்கப்படுத்தி, மறுபடி மீதி எடுத்து, 1 கூட்டினால் போதும். முதல் நான்குக்கும் 109, 2, 325, 288 என்று மீதி நிற்கிறது. 641-க்கு? 65536-இன் மீதி 154. 154 × 154 = 23716, அதன் மீதி 640. ஒன்று கூட்டினால் 641, மீதியே இல்லை!

4294967297 = 641 × 6700417. 1732-இல் சுவிஸ் கணிதவியலாளர் ஆய்லர் கண்டது இதைத்தான்.

படி 4. 6700417 இன்னும் உடையுமா? அதன் காரணிகளும் 64k + 1 வடிவில்தான் வரும், வர்க்கமூலம் 2588-ஐ ஒட்டி. படி 3-இல் தோற்ற நான்கும் போக மிஞ்சுவது 641, 769, 1153, 1217, 1409, 1601, 2113 மட்டும். ஏழையும் வகுத்துப் பாருங்கள், எதுவும் சரியாக வகுக்காது. ஆகவே அது பகா எண்.

அப்புறம் 2^64 + 1-க்கும் இதே வழிதான், 64-க்குப் பதில் 128. 274177-ஐ முயன்று பாருங்கள்.